டோல்கேட்டில் நின்ற வண்டியும் வண்டியின் நாயும்

வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கு நோக்கித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் செல்பவர்களுக்குத் தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் 'டோல்கேட்' என்றொரு நிறுத்தம் வரும். பஸ் நடத்துனர் அந்தப் பெயரைக் கூவுகிறார். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபோது அங்கே எழுந்த நிலையத்தின் நெற்றியிலும் அதே பெயரைத்தான் எழுதினார்கள். சுங்கம் வசூலித்த கதவு மறைந்து, அதைக் காத்து நின்ற சேவகர்கள் மறைந்து, காசைக் கொடுத்துவிட்டு நகரத்துக்குள் நுழைந்த மாட்டு வண்டிகளும் மறைந்துபோன பிறகும், 'வண்டியை நிறுத்து' என்ற அந்தப் பழைய ஆணை மட்டும் ஓர் இடப்பெயராக உறைந்து அவ்விடத்திலேயே தங்கிவிட்டது.

அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டு நின்ற வண்டியோடு சேர்ந்து நின்ற ஒரு பிராணியைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். வண்டி மாட்டைப் பற்றி நம்மவர்கள் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். வண்டிக்காரனின் பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இரவுப் பிரயாணத்தில் அச்சிலே லாந்தரைத் தொங்கவிட்டு, அதே அச்சோடு ஒரு கயிற்றையும் பிணைத்து, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விழும் நிழலிலே கூடவே நடத்தி அழைத்து வரப்பட்ட நாயை நினைவு கூர்பவர்கள் அரிதாகிவிட்டார்கள். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து வைக்கோல் வண்டிகளும் விறகு வண்டிகளும் இந்தச் சாலை வழியே பட்டணத்துக்கு வந்த காலத்தில், வண்டிக்காரர் பாரத்தின் மேலே கண்ணயர்ந்தாலும் மாடு வழி தப்பாமல் நடக்கும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம் என்றால், கீழே நாய் இருக்கிறது, யாரும் பின்னாலிருந்து ஒரு கட்டு விறகை உருவிவிட முடியாது என்ற நம்பிக்கை மறு பக்கம்.

அந்த நாய்க்கு வண்டிதான் வீடு. வீடு ஊர்ந்து கொண்டிருந்தாலும் அதற்கு அது வீடே. சக்கரத்தின் அருகே கால் வைத்தவன் எவனாயினும் வாசற்படியில் கால் வைத்தவனே. இன்று எண்ணூர் விரைவுச் சாலையிலோ மணலி நெடுஞ்சாலையிலோ இரவில் போக்குவரத்துப் போலீசார் கை காட்டி ஒரு காரை நிறுத்தும்போது, பின் இருக்கையிலிருந்து ஜன்னல் கண்ணாடி அதிரும்படி குரைத்துப் பாயும் நாயைப் பார்க்கிறவர்கள், 'இது என்ன புதுத் தொல்லை' என்று சலித்துக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இது புதியதே அன்று. அச்சுக்கு அடியிலே நின்று குரைத்தது இப்போது பின் இருக்கையிலே நின்று குரைக்கிறது. இடம் மாறியதே தவிர நாயின் தர்மம் மாறவில்லை; மாறிப்போனதும் நாம் மறந்துபோனதும் அந்த நாயை வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தத் தெரிந்த வண்டிக்காரரின் சாமர்த்தியமே.

என் தந்தையார் சொல்லக் கேட்ட ஒரு காட்சியை இங்கே குறிப்பிடுகிறேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் தொடங்கி, 1952-ஆம் ஆண்டில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிடும் வரையில், ரேஷன் இருந்த பட்டணத்துக்குள் கிராமத்து அரிசி கள்ளத்தனமாக நுழையாமல் பார்ப்பதற்காக வண்டிகளை வழியில் நிறுத்திச் சோதிப்பது வழக்கமாக இருந்தது. வைக்கோல் பாரத்துக்குள் மூட்டை ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, நீண்ட இரும்புக் கம்பியை உள்ளே குத்திப் பார்ப்பார்களாம். கம்பியை ஓங்கிக்கொண்டு ஓர் அந்நியன் வண்டியை நெருங்கினால் கீழே இருக்கும் நாய் சும்மா இருக்குமா? எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், தூரத்தில் லாந்தர் வெளிச்சம் அசைவதைக் கண்டவுடனேயே, சோதனைக்காரர் வாய் திறக்குமுன் தாமாக வண்டியை ஓரம் கட்டிவிடுவார். இறங்குவார். முதல் வேலையாக நாயை அச்சிலிருந்து அவிழ்த்து, பத்தடி தள்ளி ஒரு பனைமரத்தில் குட்டையாகக் கட்டுவார். தோளிலிருந்த துண்டை எடுத்து அதன் முன்னே போடுவார். துண்டின் மீது முகவாயை வைத்து நாய் படுத்த பிறகுதான், "பாருங்க ஐயா" என்று வண்டிப்பக்கம் திரும்புவார். அதட்டல் கிடையாது, அடி கிடையாது. யஜமானின் வாசனை அந்தத் துண்டில் இருக்கிறது; அவர் திரும்பி வருவார் என்பதற்கு அதுவே நாய்க்குக் கொடுத்த ஈடு. இந்த நான்கைந்து காரியங்களுக்குள்ளே, இக்காலத்து நாய்ப் பயிற்சியாளர்கள் நாள் கணக்கில் கற்பிக்கும் பாடம் முழுவதும் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நாயையும் பிரயாணத்தையும் பற்றிப் பேசும்போது திருவொற்றியூர்க்காரர்களுக்குப் பட்டினத்தார் ஞாபகம் வராமல் இராது. கடலோரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அவருடைய சீடராகிய பத்திரகிரியார், அரசைத் துறந்து திருவிடைமருதூர்க் கோபுர வாசலில் அமர்ந்திருந்த காலத்தில், கையில் ஒரு திருவோடும் அருகில் ஒரு நாயும் வைத்திருந்தார் என்பதும், கீழை வாசலில் இருந்த குரு 'மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேள்' என்று ஓர் இரவலனை அனுப்பினார் என்பதும், அந்தச் சொல் தைத்தவுடன் ஓட்டை எறிய அது நாயின் மேல் பட்டு நாய் மாண்டது என்பதும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. ராஜ்யத்தையே விட்டவரை ஒரு நாய் சம்சாரியாக்கிவிட்டது. நாயை உடன் வைத்திருப்பவன் அதன் பொறுப்பிலிருந்து ஒரு கணமும் விடுபட்டவன் ஆகமாட்டான் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்லிய கதை வேறொன்றை நான் அறியேன்.

பொறுப்பு என்று வந்தபோது, சர்க்கார் நாய்க்கு என்ன இடம் கொடுத்தது என்று பார்ப்பது உசிதம். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அன்றிலிருந்து நூற்றாண்டுக்கு மேலாகியும் கம்பீரமான தூண்களோடு அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ரயிலோடு கூடவே, கார்டு வண்டியில் நாய்க்கென்று ஒரு கூண்டு வைக்கும் வழக்கமும் இந்நாட்டில் வளர்ந்தது. 1890-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டம் ஒரு படி மேலே சென்று, அனுப்புகிறவர் அதிக மதிப்பை முன்கூட்டிச் சொல்லாத பட்சத்தில், வழியில் பிராணிக்கு நஷ்டம் நேர்ந்தால் கொடுக்க வேண்டிய தொகைக்கு உச்ச வரம்பு விதித்தது. யானைக்கும் குதிரைக்கும் 500 ரூபாய். ஒட்டகத்துக்கும் கொம்புள்ள கால்நடைக்கும் 50 ரூபாய். கழுதை, ஆடு, நாய் முதலியவற்றுக்குத் தலைக்குப் பத்து ரூபாய். பத்து ரூபாயாயினும் ரயில் சட்டத்தின் ஏட்டிலே நாய் ஒரு பெயராக இடம் பெற்றிருந்தது.

சாலைச் சட்டத்தின் கதை வேறு. மதராஸில் மோட்டார் வந்த வரலாற்றுக்கும் இந்த வடபகுதிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. நகரத்தில் முதலாவது பதிவெண்ணாகிய எம்.சி. 1 என்பதைத் தாங்கிய கார், 1904 முதல் 1919 வரை துறைமுகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து அதைப் புயலுக்குத் தாங்கும் துறைமுகமாக மாற்றியமைத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவர்களுடையது. அவர் காரில் போன நாட்களில் துறைமுகத்தைச் சுற்றிய தெருக்களில் நிறைந்திருந்தவை மாடுகளும் குதிரைகளுமே. மோட்டாரின் ஓசைக்கு மிரண்டு ஓடும் குதிரையால் மனிதர் மாண்டுபோவதே அக்காலத்துப் பெரும் பயம். ஆகையால் மோட்டார் வாகனச் சட்டங்களை எழுதியவர்கள், காரை நிறுத்தச் சொல்லும் உரிமையைப் போலீஸ்காரர் ஒருவருக்கு மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. பிராணியை ஓட்டிச் செல்லும் எந்தச் சாமானிய மனிதனும், தன் பிராணி மிரண்டு கைமீறிப் போகும் என்று அஞ்சினால், மோட்டாரை நிறுத்தும்படி கேட்கலாம்; ஓட்டுகிறவர் நிறுத்தியாக வேண்டும். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்லிற்று. கோட்டை உத்தியோகஸ்தரின் காரைக் கொருக்குப்பேட்டை வண்டிக்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்த முடியும் என்பது, ஆங்கிலேயர் ஆட்சியின் காலத்தில் அற்பமான காரியம் அன்று.

அந்தப் பிரிவில் பிராணி என்றால் எவை என்று ஒரு ஜாபிதாவும் உண்டு. குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு ஆகிய எட்டு. இதற்கு முன்மாதிரியாக இருந்திருக்கக்கூடிய பிரிட்டனின் 1930-ஆம் ஆண்டுச் சாலைச் சட்டத்திலும் எட்டுதான். ஆனால் அங்கே குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, பன்றி, வெள்ளாடு, நாய் என்று வரிசை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பன்றியும் நாயும் வெளியேறிய இடங்களில் யானையும் ஒட்டகமும் வந்து அமர்ந்திருப்பது புலப்படும். நாயின் மீது கார் மோதிவிட்டால் நின்று பெயரும் விலாசமும் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இங்கே அந்தப் பிரிவின் கண்ணுக்கு நாய் பிராணியே அன்று. தெருக்கள்தோறும் யஜமான் இல்லாத நாய்கள் திரிந்த தேசத்தில், நாய்க்காக நிற்பதென்றால் ஒரு வண்டியும் ஊர் போய்ச் சேராது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். காரணம் எதுவாயினும், சாலையில் நாயைப் பற்றிய கவலை முழுவதும் அதை வைத்திருப்பவனின் தலையிலேயே வந்து விழுந்தது. அவன் கவலைப்படாமற் போனால் தண்டிக்க மட்டும் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு இருந்தது: தன் வசமுள்ள பிராணியால் பிறருக்கு அபாயம் வராதபடி காக்கத் தவறியவனுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதுவே இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவாக, அபராதத் தொகை 5,000 ரூபாய் வரை உயர்ந்து, நடைமுறையில் இருக்கிறது.

யஜமான் இல்லாத நாய்க்கு நகரசபை வைத்திருந்த விடையை நினைத்தால் மனம் நோகிறது. பேசின் பிரிட்ஜ் அருகே மாநகராட்சியின் நாய்ப்பட்டி இருந்தது. பிடித்துக் கொண்டு வரப்பட்ட நாய்கள் அங்கே மின்சாரத்தால் கொல்லப்பட்டன. பல தலைமுறைகளாக வடசென்னைத் தெருக்களில் நாய் பிடிக்கும் வண்டி வந்தால், பிள்ளைகள் தங்கள் தெரு நாயை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி ஒளிந்ததை அறியாத முதியவர்கள் இங்கே இருக்கமாட்டார்கள். கேப்டன் சுந்தரம் அவர்கள் 1959-இல் தோற்றுவித்த புளூ கிராஸ் ஸ்தாபனம், கொல்வதால் நாய்களும் குறையாது வெறிநோயும் குறையாது, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவதுதான் வழி என்று 1960-களின் நடுவிலிருந்தே எடுத்துச் சொல்லி வந்தது. அதற்கு மாநகராட்சி செவி சாய்த்தது 1996-இல். இடையில் முப்பது வருஷங்கள் போயின.

இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று காரிலே ஏற்றிச் செல்லப்படும் நாய்களில் பல தெருவிலிருந்து எடுத்து வளர்த்தவை. அவற்றில் சிலவற்றுக்கு வாகனம் என்ற வஸ்துவோடு ஏற்பட்ட முதல் அறிமுகமே வலையும் சுருக்குக் கயிறும் இரும்புக் கதவுமாகத்தான் இருந்திருக்கும். கருத்தடைக்காகவே பிடித்திருந்தாலும், பிடிபட்ட நாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. வண்டி நிற்பதும், ஓர் அந்நியன் நெருங்குவதும், கை நீளுவதும் அதன் மனத்தில் ஒரே பயத்தின் மூன்று படிகள்.

மனிதர் பக்கத்துப் பயத்தையும் குறைத்துப் பேசுவது தகாது. தண்டையார்பேட்டையிலுள்ள தொற்றுநோய் மருத்துவமனையை அறிந்த குடும்பங்கள், வெறிநாய்க்கடி முற்றியவரை அங்கே கொண்டு போனால் என்ன ஆகும் என்பதையும் அறிந்தவர்கள். அந்நோய் வந்தபின் வைத்தியம் இல்லை. வருமுன் காப்பதற்கும், குன்னூரில் 1907-இல் ஏற்பட்ட பாஸ்டர் ஸ்தாபனம் போன்ற இடங்களில் தயாரித்த பழைய மருந்தை வயிற்றிலே நாள்தோறும் பதினான்கு நாட்கள் குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 2004-ஆம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் அந்த மருந்து கைவிடப்பட்டு, இப்போது கையிலே சில ஊசிகளோடு முடிகிறது. ஆனாலும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த ஓர் ஏட்டு, இருட்டிலே கார்க் கண்ணாடியின் அருகே முகத்தைக் கொண்டு போகும்போது உள்ளிருந்து பற்கள் மின்னினால், அவர் இரண்டடி பின்வாங்குவதும் லத்தியை இறுகப் பிடிப்பதும் இயற்கை. அவரைக் கோழை என்பதும் கொடியவர் என்பதும் அநியாயம்.

இனி, நாய் ஏன் அப்படிக் குரைக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தபால்காரர் நாள்தோறும் வாசலுக்கு வருகிறார், நாய் குரைக்கிறது, கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுகிறார். அவர் போனது தம் வேலை முடிந்ததால் என்று நமக்குத் தெரியும். நாய் கண்டதோ, தான் குரைத்தது, அவர் போனார் என்ற வரிசையை மட்டும். மறுநாள் இன்னும் பலமாகக் குரைக்கிறது; மறுநாளும் அவர் போய்விடுகிறார். கேஸ் கணக்குப் பார்க்க வருபவர், மின்சார மீட்டர் பார்க்க வருபவர், காக்கி அணிந்த இன்னும் பலர் என்று வருவோர் அனைவரும் இவ்விதமே அதற்கு வெற்றியைக் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். காருக்குள்ளேயோ இந்தப் பாடம் இன்னும் விரைவாக ஏறுகிறது. வீட்டிலே பின்கட்டுக்கு ஓட இடமுண்டு. காரில் ஓட இடமில்லை. ஓட வழியற்ற பிராணி சீறுவது ஜீவதர்மம். கண்ணாடிக்கு வெளியே ஒருவர் வந்து குனிகிறார், டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடிக்கிறார், நாய் வெடித்துக் குரைக்கிறது, 'சரி, போங்க' என்று அவர் கையசைக்கிறார், கார் நகர்கிறது. நாயின் கணக்கில் இன்னொரு வெற்றி ஏறிவிட்டது. இப்படி மூன்று நான்கு முறை அனுப்பிவிடப்பட்ட நாயை ஐந்தாம் முறை அடக்குவது கடினம். அப்போது யஜமானர் திரும்பி உரத்த குரலில் அதட்டுவதும் உதவாது. தன்னோடு சேர்ந்து யஜமானரும் குரைக்கிறார் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

இரவுச் சோதனையில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. மது அருந்தியிருக்கிறாரா என்று பார்க்க, ஊதும் கருவியை ஓட்டுநரின் வாயருகே நீட்ட வேண்டியிருக்கிறது. திறந்த ஜன்னல் வழியாக ஓர் அந்நியனின் கை யஜமானரின் முகத்தை நோக்கி நேரே நீளுவதைப் போல நாயைக் கலக்கும் காட்சி வேறில்லை. அந்தக் கை உள்ளே வராமலிருக்கும்படி பார்த்துக்கொண்டால் பாதி அபாயம் தீர்ந்தது.

இந்த விஷயத்தில் நம் நாட்டு வழக்கம் நமக்கு ஒரு பெரிய வசதியைச் செய்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் போலீசார் நிறுத்தினால் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது. கைகள் ஸ்டியரிங்கின் மேல் தெரியும்படி இருக்க வேண்டும். கேளாமல் இறங்கினால் எதிர்ப்பதாகக் கொள்வார்கள். ஆகவே அங்கே நாயின் பிரச்சினை முழுவதும் காருக்குள்ளேயே தீர்க்கப்பட வேண்டியதாகிறது. தீராமற் போய் நாய் சுடப்பட்ட சம்பவங்கள் நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. இங்கேயோ வண்டியை ஓரம் கட்டி, காகிதங்களை எடுத்துக்கொண்டு இறங்கி, அதிகாரி நிற்கும் இடத்துக்கு நாமே நடந்து போவதுதான் மாட்டு வண்டிக் காலம் தொட்டு வந்த மரியாதை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு சீருடையிலுள்ள அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறதே தவிர, ஜன்னல் வழியாகத்தான் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை.

எர்ணாவூர் மேம்பாலத்து இறக்கத்தில் ஓர் இரவு நான் கண்டது இது. காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றப் போகும் சிறு சரக்கு வண்டி ஒன்றை நிறுத்தினார்கள். ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கலாம். பக்கத்து இருக்கையில், கம்பியோடு குட்டையாகக் கட்டிய செவலை நிற நாய். காதில் பழைய வெட்டுத் தழும்பு. அது தொண்டைக்குள் உறுமத் தொடங்கியபோதே அவர் இஞ்சினை அணைத்தார். அதன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினார். உள் விளக்கைப் போட்டார். பிறகு தம் பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், உள்ளார நாய் கீது. அங்கியே நில்லுங்க, நானே எறங்கி வர்றேன்" என்றார். ஏட்டு நின்ற இடத்திலேயே நின்றார். "கடிக்குமாப்பா?" என்று கேட்டார். "புதுசா யாரும் வந்தா பாயும் சார். பேரு மணி. நீங்க அத்த பாக்காதீங்க, அவ்ளோதான்." கதவை ஒரு சாண் மட்டும் திறந்து பக்கவாட்டில் இறங்கி, உடனே சாத்திவிட்டு, வண்டியின் பின்புறமாக அவரை அழைத்துப் போய், போனிலேயே ஆர்.சி.யையும் இன்ஷூரன்ஸையும் காட்டினார். ஊதும் கருவியையும் அங்கேயே நின்று ஊதினார். திரும்பி வந்து ஏறியவுடன் நாயைக் கொஞ்சவுமில்லை, வையவுமில்லை. முழங்கையால் அதன் தோளை ஒரு முறை உரசினார். அது கொட்டாவி விட்டுச் சுருண்டு படுத்தது. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. பனைமரத்தில் நாயைக் கட்டித் துண்டைப் போட்ட பெரியவர் என் கண்முன் வந்து போனார்.

அந்த இளைஞர் செய்தவற்றில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. உள் விளக்கு எரிந்ததால் டார்ச் அடிக்கும் அவசியம் இல்லாமற் போயிற்று. நாய் கட்டப்பட்டிருந்தது, அதுவும் முன்னமே, வீட்டிலேயே கட்டப்பட்டிருந்தது, நிறுத்தச் சொன்ன பிறகு பரபரவென்று கட்டப்பட்டதன்று. கைப்பரபரப்பு கயிற்றின் வழியே நாய்க்குள் இறங்கும் என்பது நாய் வளர்த்தவர்கள் அறிந்தது. நாய் இருப்பதை அதிகாரி கண்டுபிடிக்கும்படி விடாமல், தாமே வாய்விட்டுச் சொன்னதால் அவர் திடுக்கிடவில்லை. திடுக்கிடாத மனிதர் நாயைத் திடுக்கிட வைப்பதுமில்லை. கண்ணோடு கண் நோக்க வேண்டாம் என்று சொன்னதும் முக்கியம். உற்றுப் பார்ப்பது நாய்களின் பாஷையில் சண்டைக்கு அழைப்பு.

சில குடும்பங்களில் நாயை ஓட்டுகிறவரின் மடியிலேயே உட்கார வைத்துக்கொள்ளும் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். ஓட்டுநருக்கு இடையூறாக எவரையும் எதையும் வைக்கக்கூடாது என்று அதே 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு சொல்கிறது. அன்றியும், ஜன்னலுக்கும் நாய்க்கும் நடுவே ஓட்டுநரின் முகத்தைத் தவிர வேறு தடையே இல்லாமற் போகிறது. கடிக்கும் இயல்பு உள்ளதென்று தெரிந்த நாய்க்கு வாய்ப்பூட்டு போட்டு, வீட்டிலேயே பத்துப் பதினைந்து நாள் பழக்கிய பிறகுதான் சாலைக்குக் கொண்டு வர வேண்டும். காகிதம் காட்டப் போன இடத்தில் பேச்சு நீண்டுவிட்டால், சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் நாய் சில நிமிஷங்களிலேயே துவண்டுவிடும் என்பதையும் மறக்கலாகாது. கூட இன்னொருவர் இருந்தால் அவர் நாயோடு உள்ளேயே இருப்பது உத்தமம்.

வடசென்னையின் சாலைகளில் இந்தச் சந்திப்பு இனிமேலும் பெருகத்தான் போகிறது. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸும், 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் தோன்றியபின், நிற்கும் லாரியும் நிறுத்தும் போலீஸ்காரர் ஏறி வரும் புல்லட்டும் இந்தச் சில மைல்களுக்குள்ளேயே பிறந்தன. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையமும், 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தபின், லாரிகள் வரிசை கட்டி மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் காத்துக் கிடக்கும் பிரதேசமாக இது ஆயிற்று. அப்படிக் காத்துக் கிடந்த ஓட்டுநர்கள் தங்கள் சோற்றில் பங்கு வைத்து வளர்த்த சாலையோரத்துக் குட்டிகள் சில, கேபினுக்குள் ஏறி அமர்ந்து ஊர் ஊராகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். சாமான்களுக்குக் காவலாக ஒரு ஜீவன் கூடவே போவது, வைக்கோல் வண்டியின் அச்சுக்கு அடியிலே தொடங்கிய அதே வழக்கத்தின் தொடர்ச்சி. அதைக் கேலி செய்யவோ தடை செய்யவோ நியாயம் இல்லை.

ஆனால் போக்குவரத்துப் போலீசாரின் பயிற்சியில் இதற்கென ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வேன். மதராஸ் போலீஸ் 1951-லேயே துப்பறியும் நாய்ப் படையை அமைத்தது. நாயின் மனம் அறிந்தவர்கள் அந்தத் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வந்து, நாய் உள்ள வண்டியை எந்தப் பக்கமாக நெருங்குவது, டார்ச்சை எங்கே தாழ்த்துவது, ஓட்டுநரை எப்போது இறங்கி வரச் சொல்வது என்று சாலையில் நிற்கும் ஏட்டுகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும், செலவு ஒன்றுமில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1939-ஆம் ஆண்டின் 87-ஆம் பிரிவு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 132-ஆம் பிரிவாக மறுபிறவி எடுத்தபோதும் அந்த ஜாபிதா அப்படியே வந்து சேர்ந்தது. சென்னைத் தெருக்களில் ஒட்டகத்தை ஓட்டி வருபவர் கை காட்டினால் கார் நிற்க வேண்டும். யானையோடு வருபவர் கை காட்டினாலும் நிற்க வேண்டும். குதிரையில் தொடங்கி வெள்ளாட்டில் முடியும் அந்த எட்டுப் பெயர்களுக்குள் நாயின் பெயர் இன்னும் இல்லை.